மாடியில் மோட்டார் வைத்த சிம்னி: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

மொட்டைமாடியில் மோட்டார் வைத்த சிம்னிக்காக எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி, "அண்ணே, மோட்டார் போயிருச்சு போல" என்றுதான் தொடங்கும். ஏணியையும் டூல்ஸ் பையையும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காற்று வீட்டுக்குள் வரும் வழியிலோ வீட்டைவிட்டுப் போகும் வழியிலோ எங்கேயோ ஒரு தடங்கல் இருக்கும். பதினைந்து வருடமாக மதுரைப் பக்கம் வீடுகளுக்கும் மெஸ்களுக்கும் ஹூடும் (அடுப்புக்கு மேல் வரும் கூடு) டக்டும் (புகை போகும் குழாய்) செய்து மாட்டுகிறேன். நிஜமாகவே மோட்டார் எரிந்துபோனதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

கடையில் பெட்டியோடு வாங்கும் சிம்னியில் மோட்டார் அடுப்புக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். நான் சொல்லும் வகையில் அடுப்புக்கு மேல் வெறும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஹூட், ஃபில்டர், விளக்கு மட்டும்தான். காற்றை இழுக்கும் புளோயர், அதாவது மோட்டாரும் விசிறியும், வெளிச்சுவரிலோ மாடியிலோ இருக்கும். நடுவில் டக்ட் ஓடும். மோட்டார் சத்தம் தலைக்கு மேல் இருக்காது என்பதற்காகத்தான் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்த காரணம் வேறு. இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே கொட்டாது, காற்றுதான் உள்ளே வரும். அதே மாதிரி, புளோயர் கடைசியில் இருந்து இழுக்கும்போது வீட்டுக்குள் ஓடும் டக்டின் ஜாயின்டில் ஓட்டை விழுந்தாலும் புகை வீட்டுக்குள் கசியாது. மோட்டார் ஹூடிலேயே இருந்து தள்ளினால், அதே ஓட்டை வழியாக எண்ணெய்ப் புகை ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய் அப்பிக்கொள்ளும். இந்த வித்தியாசம் கோளாறு தேடும்போதும் உதவும்.

ஒரு செய்தித்தாள், ஒரு ஊதுபத்தி, ஒரு டார்ச். கண்டுபிடிக்க இவை போதும், ஸ்பேனர் அப்புறம்தான். மாடியில் புளோயர் மேல் கை வைப்பதற்கு முன் மட்டும் எம்சிபியை இறக்கிவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் மேலே இம்பெல்லரை, அதாவது புளோயருக்குள் சுற்றும் விசிறிச் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கீழே யாராவது தாளிக்கலாம் என்று ஸ்விட்சைத் தட்டினால் விரல் போய்விடும். புளோயர் பக்கத்திலேயே மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் ஸ்விட்ச் இல்லாத வேலையை நான் வேலையாகவே எண்ணுவதில்லை.

மோட்டார் ஓடுகிறது, புகை மட்டும் போகவில்லை

முதலில் சமையலறை ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். உடனே புகை சரசரவென்று மேலே போனால் கோளாறு சிம்னியில் இல்லை. வீட்டுக்குள் காற்று வர வழியில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் கணக்காகவே சொல்கிறேன். மணிக்கு 800 கன மீட்டர் இழுக்கும் புளோயர் நிமிடத்துக்குப் பதிமூன்று கன மீட்டர் காற்றை வெளியே அனுப்புகிறது. பத்துக்குப் பத்து சமையலறை, உயரமும் பத்தடி என்றால் அதில் இருக்கும் மொத்தக் காற்றே சுமார் 28 கன மீட்டர்தான். இரண்டே நிமிடத்தில் ஒரு அறைக் காற்று முழுவதும் போய்விடுகிறது. அதே அளவு காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். பழைய வீடுகளில் கதவிடுக்கு, ஓட்டு இடுக்கு என்று எங்கிருந்தாவது வந்துவிடும். இப்போது யுபிவிசி ஜன்னல், ரப்பர் பீடிங், டைனிங் ஹாலில் ஏசி என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டோம். புளோயர் பாவம், இல்லாத காற்றை எங்கே போய் இழுக்கும்?

இதற்கு ஒரு அடையாளம் உண்டு. சிம்னியைப் போட்டதும் வாசல் கதவு தானாக அறைந்து சாத்திக்கொள்ளும், அல்லது திறக்கும்போது யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல் இருக்கும். ஜன்னலை ஒரு விரல்கடை மட்டும் திறந்து அந்த இடுக்கில் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்பக்கம் சீறிக்கொண்டு வந்தால் வீடு காற்றுக்குத் தவிக்கிறது என்று அர்த்தம்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. 800 கன மீட்டர் காற்று மெதுவாக உள்ளே வர, ஒரு சதுர அடிக்குச் சற்று மேல் திறப்பு வேண்டும். அடுப்புக்கு எதிர்ப்பக்கச் சுவரில் லூவர் வைத்த ஒரு ஜன்னல் போதும். அடுப்பை ஒட்டிய ஜன்னலைத் திறக்காதீர்கள். அந்தக் காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும், பர்னர் சுவாலையும் ஒரு பக்கமாகச் சாயும். லூவரில் கொசு வலை இருந்தால் அதைத் துடைத்துப் பல நாள் ஆகியிருக்கும், அதையும் பாருங்கள். அமெரிக்காவில் எரிபொருள் கருவிகள் உள்ள வீட்டில் ஹூட் நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 680 கன மீட்டருக்கு மேல் இழுத்தால், வெளியே போன காற்றை ஈடுசெய்யும் ஈட்டுக்காற்றுக்கு வழி வைக்கச் சொல்லி வீட்டுக் கட்டுமான விதியே இருக்கிறது. நம் ஊரில் இதை யாரும் கேட்பதில்லை.

சரி, ஜன்னலைத் திறந்தும் புகை நிற்கிறதா? அடுத்தது செய்தித்தாள். ஒற்றைத் தாளை ஃபில்டரில் வைத்துக் கையை எடுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுப்பு இருக்கிறது. விழுந்தால் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே தெரியும் டக்ட் வாயருகே அதே தாளைக் காட்டுங்கள். இப்போது வெடுக்கென்று இழுத்தால் ஃபில்டர்தான் அடைத்திருக்கிறது. கம்பி வலை ஃபில்டராக இருந்தால் அதைக் கழுவுவதைவிடப் பேஃபிள் ஃபில்டராக (வலைக்குப் பதில் மடித்த தகடுகள் உள்ளது) மாற்றிவிடுவது நல்லது. வாரத்துக்கு மூன்று நாள் வடையும் அப்பளமும் பொரிக்கும் வீட்டில் வலை ஃபில்டர் ஒரு மாதம் தாங்காது. எஸ்எஸ் பேஃபிளைச் சுடுதண்ணீரில் வாஷிங் சோடா போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு கழன்று வந்துவிடும். அலுமினிய ஃபில்டருக்கு இந்தச் சோடா வேண்டாம், கறுத்துப் போகும்.

ஃபில்டர் இல்லாமலும் இழுக்கவில்லை என்றால் மாடிக்குப் போங்கள். புளோயரின் வெளிவாயில் கையை நீட்டுங்கள். அங்கே காற்று பலமாக அடித்து, கீழே ஹூடில் மட்டும் இழுப்பு இல்லை என்றால் நடுவில் டக்ட் எங்கேயோ பிரிந்திருக்கிறது. புளோயர் சமையலறையை விட்டுவிட்டு ஃபால்ஸ் சீலிங் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ராவில் ஓட்டை கதைதான் இது. துணி டேப் ஒட்டிய ஜாயின்டுகளில்தான் இது பெரும்பாலும் நடக்கும். வெயிலுக்கும் எண்ணெய்க்கும் அந்தப் பசை ஒரு கோடைகூடத் தாங்காது. மேலேயும் கீழேயும் இரண்டு இடத்திலும் காற்று மந்தம் என்றால் அடைப்பு, அல்லது டேம்பர் (அணைத்ததும் காற்று திரும்பி வராமல் டக்டை மூடும் தட்டு) திறக்காதது, அல்லது கடைசியாகச் சொல்லப்போகும் அந்த விஷயம்.

அடைப்பு என்றால் நம் ஊரில் புறா. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் போதும், வெளிவாயில் குச்சிகளை அடுக்கிவைத்திருக்கும். அதற்குப் பயந்து சிலர் வாயில் கொசு வலையைக் கட்டிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். இரண்டு மாதத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அந்த வலை தோல் மாதிரி மூடிக்கொள்ளும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலைதான் சரி. புறா நுழையாது, எண்ணெயும் அடைக்காது.

இப்போது அந்தக் கடைசி விஷயம். ஒரு மெஸ்ஸில் நான் போட்ட த்ரீ ஃபேஸ் புளோயர் இரண்டு வருடம் நன்றாக ஓடியது. திடீரென்று ஒருநாள், "காற்று வருது, ஆனா புகை நிக்குது" என்றார் முதலாளி. ஃபில்டர் சுத்தம், டக்ட் சுத்தம், புறா இல்லை, டேம்பர் திறந்து மூடுகிறது. மாடியில் காற்று வெளியேதான் வருகிறது, ஆனால் சப்பையாக. அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த சப்ளையர் பையன் பேச்சுவாக்கில், "போர் மோட்டாரும் நேத்துலேருந்து தண்ணி சரியா ஏத்த மாட்டேங்குதுண்ணே, லைன்ல வேலை பாத்துட்டுப் போனாங்க" என்றான். அப்போதுதான் உறைத்தது. லைன் வேலையில் ஃபேஸ் வரிசை மாறியிருக்கிறது, இரண்டு மோட்டாரும் தலைகீழாகச் சுற்றுகின்றன.

இந்த வகைப் புளோயரில் உள்ள சூழ்ச்சியே அதுதான். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் தலைகீழாகச் சுற்றினால் காற்று எதிர்ப்பக்கம் வரும், உடனே தெரிந்துவிடும். நத்தைக்கூடு வடிவ உறைக்குள் சுற்றும் புளோயர் எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை அதே வாய் வழியாகத்தான் தள்ளும். பலம் மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். கையை வைத்துப் பார்ப்பவர் "காற்று வருதே" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். உறையின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு, வேகம் குறைந்து நிற்கும் நேரத்தில் இம்பெல்லர் அந்த அம்புக்குறிப்படி சுற்றுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். த்ரீ ஃபேஸில் எந்த இரண்டு ஃபேஸ் ஒயரை மாற்றிப் போட்டாலும் சரியாகிவிடும். சிங்கிள் ஃபேஸில் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. மோட்டாருக்குள் ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனைகளை மாற்ற வேண்டும், அதை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்ளட்டும். புதிதாகப் போட்ட அன்றைக்கே "கடைக்காரன் சொன்ன அளவு இழுக்கவில்லை" என்று தோன்றினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பாதி புகை மேலே, பாதி முகத்தில்

தாள் ஃபில்டரில் ஒட்டுகிறது, ஆனால் தோசைக்கல்லில் இருந்து எழும் புகை ஹூடின் முன் விளிம்பைத் தாண்டி ஹாலுக்குப் போகிறது. இதற்கு இன்னும் பெரிய மோட்டார் போடச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஹூட் என்பது கவிழ்த்துவைத்த பாத்திரம். புகை தானாக எழுந்து அதற்குள் போய் நிற்க வேண்டும், புளோயர் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டு போகும். பாத்திரமே சிறியதாக இருந்தால் மோட்டாரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

நான்கு பர்னர் அடுப்புக்கு 90 செமீ அகல ஹூட் வேண்டும். அடுப்பைவிட ஹூட் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நல்லது. அடுப்பின் மேல்மட்டத்தில் இருந்து 65 முதல் 75 செமீ உயரம். "தலை இடிக்குது" என்று 95-க்கு ஏற்றிவிட்டு அப்புறம் போன் செய்பவர்கள் நிறைய. பலரும் கவனிக்காதது ஹூடின் ஆழம், அதாவது சுவரில் இருந்து முன்னால் எவ்வளவு வருகிறது என்பது. நாம் தோசை சுடுவதும் பொரிப்பதும் முன் பர்னரில்தான். ஹூட் 45 செமீதான் முன்னால் வருகிறது என்றால் முன் பர்னர் பாதி திறந்தவெளியில் நிற்கிறது. 60 செமீயாவது கேளுங்கள். பட்டறையில் செய்யும் ஹூட் என்றால் கேட்ட அளவில் செய்து தருவார்கள். கடைச் சிம்னியைவிட இதில் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவதே அதுதான்.

அப்புறம், தலைக்கு மேல் சுற்றும் சீலிங் ஃபேன். அதை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். சிம்னியைப் பற்றிய புகார்கள் இந்த ஒரு ஸ்விட்சிலேயே முடிந்த வீடுகள் உண்டு. வியர்க்கிறதே என்று அம்மாக்கள் கோபிப்பார்கள், நியாயம்தான். சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால், கீழ்நோக்கி, மெதுவாக ஒரு சின்ன ஃபேன் என்று சமாதானம் செய்திருக்கிறேன்.

சத்தம்

"மோட்டாரை மாடிக்குக் கொண்டுபோயும் சத்தம் குறையவில்லை." இதைக் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது, குழாய் எத்தனை அங்குலம் என்று.

6 அங்குலக் குழாயில் மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை இழுத்தால் காற்றின் வேகம் விநாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர். பைக்கில் 55-ல் போகும்போது ஹெல்மெட்டுக்குள் கேட்குமே ஒரு இரைச்சல், அதுதான் சமையலறையில் கேட்கிறது. அதே காற்று 8 அங்குலக் குழாயில் போனால் வேகம் 31 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். இரண்டு அங்குலம்தான் கூட, ஆனால் இரைச்சலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மாடியில் இருக்கும் மோட்டாரின் சத்தம் போய்விடும், குழாய்க்குள் ஓடும் காற்றின் சத்தம் போகாது. சுவரில் 6 அங்குல ஓட்டை போட்டாகிவிட்டது, இனி உடைக்க முடியாது என்றால் புளோயர் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

விசில் மாதிரி மெல்லிய ஓசை வந்தால் ஃபில்டர் சரியாக உட்காராமல் ஓர் இடுக்கு இருக்கும், அல்லது ஜாயின்டில் ஒரு சின்னப் பிளவு. ஊதுபத்தியை ஜாயின்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனால் புகை உள்ளே இழுபடும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். நின்றபிறகும் 'டப் டப்' என்று அடித்தால் காற்றில் டேம்பர் தட்டு ஆடுகிறது. அதன் விளிம்பில் மெல்லிய ஃபோம் ஒட்டுங்கள். மாடி அறையில் படுத்திருப்பவருக்குத் தரை வழியாக 'உம்ம்' என்று கேட்டால் புளோயரை நேராகக் கான்கிரீட்டில் போல்ட் போட்டிருக்கிறார்கள். அடியில் ரப்பர் மவுண்ட், டக்டுக்கும் புளோயருக்கும் நடுவில் ஒரு சாண் தீப்பிடிக்காத கேன்வாஸ் இணைப்பு, இரண்டும் வேண்டும்.

ஆரம்பத்தில் அமைதியாக இருந்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அதிர்வு கூடினால் இம்பெல்லரில் எண்ணெய் படிந்து ஒரு பக்கம் கனம் ஏறியிருக்கிறது. அணில்கூண்டுச் சக்கரம் மாதிரி சின்னச் சின்ன இதழ்கள் நெருக்கமாக உள்ள இம்பெல்லரில் இது சீக்கிரம் வரும். பின்பக்கம் வளைந்த, எண்ணிக்கையில் குறைந்த, தட்டையான இதழ்கள் உள்ளதில் எண்ணெய் அவ்வளவு நிற்காது, சுரண்டுவதும் சுலபம். வாங்கும்போதே மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மோட்டார் உறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பாத்ரூமுக்கென்று விற்கும் இன்லைன் ஃபேனைக் குறைந்த விலைக்காக டக்டுக்கு நடுவே செருகுகிறார்கள். அதில் மோட்டார் எண்ணெய்ப் புகைக்குள்ளேயே குளித்துக்கொண்டிருக்கும், ரொம்ப நாள் தாங்காது.

ஹூடில் இருந்து சொட்டுகிறது

விரலில் தொட்டுப் பாருங்கள். பழுப்பாகப் பிசுபிசுத்தால் எண்ணெய், தெளிவாக இருந்தால் தண்ணீர்.

தண்ணீர் என்றால், மழை பெய்த அன்றைக்கு வந்ததா, மார்கழிக் காலையில் இட்லிப் பானை இறக்கும்போது வந்ததா? இட்லிக் கொப்பரை ஆவி மாடியில் குளிர்ந்து கிடக்கும் டக்டுக்குள் போனால் உள்பக்கமே வியர்த்துச் சொட்டும். அடுப்பை அணைத்தபிறகு புளோயரைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் மாடியில் வெளியே தெரியும் டக்டுக்கு இன்சுலேஷன் சுற்ற வேண்டும்.

மழையில் மட்டும் வந்தால் வெளிவாயைப் பாருங்கள். குழாய் உச்சியில் குடை மாதிரி ஒரு தொப்பியை வைத்துவிட்டுப் போவது வழக்கம். ஐப்பசி மழை நேராகவா பெய்கிறது? சாய்ந்து அடிக்கும் சாரல் குடைக்கு அடியில் நுழைந்துவிடும். அதைத் தடுக்கக் குடையை இறக்கிவைத்தால் காற்று போக இடமில்லாமல் போகும்; குழாய் விட்டத்தில் பாதியாவது இடைவெளி வேண்டும். கைத்தடிப் பிடி மாதிரி வளைத்துக் கீழ்நோக்கி வாய் வைப்பதுதான் என் பழக்கம். வாய் மாடித் தளத்தில் இருந்து இரண்டடி உயரத்திலாவது இருக்கட்டும், தெறிக்கும் தண்ணீரும் ஏறாது.

எண்ணெய் என்றால் சாய்வுக் கோளாறு. படுக்கையாக ஓடும் டக்டுக்கு ஏதாவது ஒரு பக்கம் வாட்டம் இருக்க வேண்டும், அது முடியும் இடத்தில் எண்ணெய் பிடிக்க ஒரு கிண்ணமும் திறந்து துடைக்க ஒரு மூடியும் இருக்க வேண்டும். ஹூட் பக்கமே வாட்டம் விட்டால் ஹூடின் ஓரத்தில் வாய்க்கால் மாதிரி மடித்து அதில் கிண்ணம் மாட்டலாம். நடுவில் தொய்ந்து வயிறு விழுந்த டக்டில் எண்ணெய் குளமாக நிற்கும். அலுமினிய மடிப்புக் குழாயில் இது சர்வ சாதாரணம். அதன் மடிப்புகள் காற்றையும் பிடித்துக்கொள்ளும், எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது எஸ்எஸ் வழவழப்புக் குழாய்தான் வேண்டும். செங்குத்தான பகுதியில் மேல்குழாயின் அடிமுனை கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் வழியும் எண்ணெய் ஒவ்வொரு ஜாயின்டிலும் சுவருக்கு வரும்.

பிவிசி குழாய் பற்றி ஒரு வார்த்தை. மலிவு, வழவழப்பு, பிளம்பரே செய்துவிடுவார் என்று பல வீடுகளில் 6 அங்குலப் பிவிசிதான் இருக்கிறது. கேஸ் அடுப்புக்கு மேல் நான் போட மாட்டேன். சூட்டில் இளகும், உள்ளே படிந்த எண்ணெயில் தீப்பிடித்தால் நச்சுப்புகை. வாணலியில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, புளோயரையும் நிறுத்துங்கள். ஓடும் புளோயர் தீயை டக்டுக்குள் இழுக்கும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

சிம்னி போட்டால் நாற்றம் வருகிறது

சமையல் வாடை இல்லை, சாக்கடை வாடை. சிம்னி ஓடும்போது மட்டும் வரும், அணைத்தால் போய்விடும். வீட்டுக்காரர் ஹூடை முகர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். வருவது அங்கிருந்து இல்லை. புழங்காத பாத்ரூமின் நஹானி டிராப்பில் (தரை ஓட்டைக்குக் கீழே தண்ணீர் நின்று சாக்கடை வாடையைத் தடுக்கும் இடம்) தண்ணீர் வற்றியிருக்கும். ஜன்னல் சாத்திய வீட்டில் புளோயர் காற்றுக்குத் தவிக்கும்போது சாக்கடைக் குழாய் வழியாகவும் இழுக்கும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. ஆனால் காரணம் பழையதுதான்: காற்று வர வழி இல்லை.

இதே காரணம் உயிரையும் வாங்கும். வீட்டுக்குள் கேஸ் கீசர் இருந்தால், ஜன்னல் சாத்திச் சிம்னி ஓடும் நேரத்தில் கீசரின் எரிபுகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே இழுபடும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. சிம்னியையும் கீசரையும் சேர்த்து ஓடவிட்டு, கீசரின் புகைக்குழாய் வாயருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை குழாய்க்குள் போகாமல் அறைப்பக்கம் திரும்பினால், ஈட்டுக்காற்றுக்கு வழி செய்யும் வரை இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். கேஸ் கசிந்த வாடை வந்தால் சிம்னியைப் போட்டு வெளியேற்றலாம் என்றும் நினைக்க வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும். ஸ்விட்சில் வரும் பொறியே போதும் பற்றிக்கொள்ள. சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

சிம்னி அணைத்திருக்கும்போது ஹூடில் இருந்து வெக்கையோ தூசியோ இறங்கினால் டேம்பர் மூடவில்லை. பெரும்பாலும் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு திறந்தே நிற்கும். துடைத்தால் சரியாகிவிடும்.

ஓடவே இல்லை, அல்லது டிரிப் ஆகிறது

ஸ்விட்ச் போட்டதும் 'உம்' என்று மட்டும் கேட்டால் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கன்டென்சர். ஒரே மதிப்புள்ள புதியதை மாற்றினால் ஓடிவிடும். குச்சியால் இம்பெல்லரைத் தள்ளிவிட்டு ஓட்டுவதை யூடியூபில் பார்த்திருப்பீர்கள், செய்யாதீர்கள். அணைத்தபிறகும் கன்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மழை பெய்தால் மட்டும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் மாடியில் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள். ஒயர் மேலிருந்து நேராக இறங்கி உள்ளே போயிருக்கும், தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்திருக்கும். ஒயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு, அடியில் இருந்து கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடிக்கும் மூடி) போட்டு ஏற்ற வேண்டும். டிரிப் ஆகிறதென்று ஆர்சிசிபியைப் பைபாஸ் செய்து வைத்த வீட்டையும் பார்த்தேன். அந்தப் புளோயர் உறையில் துணி காயப்போட்டிருந்தார்கள்.

அரைமணி நேரம் ஓடி நின்று, ஆறியபிறகு ஓடினால் மோட்டார் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தகரம் எப்படிக் காயும் என்று தெரியுமே. மேலே ஒரு கூரைத் தகடு, பக்கங்கள் திறந்தபடி, போதும். பெட்டி மாதிரி அடைத்துவிடாதீர்கள். இன்னொரு காரணம் ரெகுலேட்டர். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரால் அரை ஹெச்பி மோட்டாரை அடக்கப் பார்த்தால் மோட்டார் முனகும், சூடாகும், ரெகுலேட்டரும் கருகும். மோட்டாருக்கு ஏற்ற வேகக் கட்டுப்பாட்டைப் புளோயர் விற்றவரிடமே கேட்டு வாங்குங்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் 'மணிக்கு 1,200 கன மீட்டர்' என்பது குழாயே மாட்டாமல் அளந்தது. உங்கள் வீட்டில் பேஃபிள் ஃபில்டர், டேம்பர், இருபத்தைந்தடி டக்ட், இரண்டு மூன்று எல்போ எல்லாம் உண்டு. ஒரு கூர்மையான எல்போ சுமார் பத்தடிக் குழாய்க்குச் சமம். "15 மிமீ ஸ்டேட்டிக் பிரஷரில் எவ்வளவு காற்று தரும்?" என்று கேளுங்கள். ஃபில்டரும் குழாயும் தரும் தடையை எதிர்த்து இழுக்கும்போது எவ்வளவு என்று அர்த்தம். விழிக்கும் கடையில் வாங்காதீர்கள். நல்ல ஆழமான 90 செமீ ஹூடுக்கு அந்தப் பிரஷரில் 700, 800 கன மீட்டர் கிடைத்தால் நம் வறுவல் பொரியலுக்குத் தாராளம். புளோயர் வாய்க்கு முன்னால் உடனே எல்போ வராமல், குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்கு நீளமாவது டக்ட் நேராக வரட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்

இதுவும் ஒரு அறிகுறிதான். சிம்னி பிரமாதமாக வேலை செய்கிறது என்பதற்கு. போன கோடையில் ஒரு வீட்டில் எல்லாம் சரியாகப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த மூன்றாம் நாள் போன். பக்கத்து மாடியில் அந்த அம்மா பாய் விரித்துக் கூழ்வடாம் ஊற்றிவைத்திருக்கிறார்; நான் வைத்த வளைந்த வாய் சரியாக அந்தப் பாயைப் பார்த்து நிற்கிறது. இந்த வீட்டில் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. "வடாத்தைப் பொரிச்சா கருவாட்டு வாசம் வருது தம்பி, நாங்க சைவம்" என்றார். என்ன பதில் சொல்வது?

வெளிவாயை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்யும் முன் சுற்றிலும் நான்கு மாடிகளையும், அந்தத் திசையில் யாருடைய படுக்கையறை ஜன்னல், ஏசி அவுட்டோர் யூனிட், துணிக்கொடி இருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் நான்கு போல்ட்டைக் கழற்றி வாயைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டு வந்தேன். இப்போது அந்தத் தெருவில் நடந்துபோகிறவர்களுக்கெல்லாம் அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியும்.